டீனாவைத் தள்ளிப்போடவும்!

வீல்...!

ஞாயிற்றுக்கிழமை. பகல் பன்னிரண்டு மணி ஐந்து நிமிஷம். ராஜமாணிக்கம் மகளிர் கல்லூரி விடுதியில் பாயசத்தை இறக்கி வைத்த நேரத்தில் அந்த அலறல் கேட்டது.

சமையல்காரி முத்தாத்தாள் கரண்டியைக் கீழே வைத்தாள். அடுப்பைத் தணித்தாள். அதற்குப் பிறகுதான் ஓடினாள். இருபது வருஷ சர்வீஸில் அவள் கேட்காத அலறலா?

பின்பக்கம் துணி துவைக்கும் மேடை. மேடையை ஒட்டி, தரைக்குள் ஏழடி ஆழத்துக்கு ஒரு சிமெண்ட் தொட்டி.

தொட்டியில் தண்ணீர் இல்லை.

ஒரு பெண் இருந்தாள்.

கண்ணில் கறுப்புத் துப்பட்டா கட்டியிருந்தது. ஒரு கால் மடங்கிக் கிடந்தது. தலைக்கு அடியில் ரத்தம்... முதல் வருஷ மாணவி டீனா!

மேடைமேல் நின்று அலறிக்கொண்டிருந்தவளும் முதல் வருஷம்தான். பெயர் பாவாத்தாள். கையில் ஒரு சீட்டு. முத்தாத்தாளைப் பார்த்ததும் அலறலை நிறுத்திவிட்டு, மரியாதையாகச் சொன்னாள்.

"தள்ளிப்போட்டேனுங்க அக்கா."

* * *

இன்ஸ்பெக்டர் சென்னகேசவன் மெட்ராஸிலிருந்து கோயமுத்தூருக்கு மாற்றலாகி வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. திருடனைக்கூட 'வாங்க, உக்காருங்க' என்று சொல்லும் ஊரில் எப்படி விசாரணை நடத்துவது என்று அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. கூட வந்த பெண் ஏட்டு பங்காருவுக்குச் சொந்த ஊர் கொடுமுடி. அவளும் திருடனை உட்காரச் சொல்கிற கட்சிதான்.

அவர்கள் வந்து சேர்வதற்குள் வார்டன் கிருபாவதி தன்னுடைய காரிலேயே டீனாவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார். உயிர் இருந்தது. நினைவு இல்லை.

வார்டன் முதல் வார்த்தையாக, எங்கள் விடுதியில் ராகிங் கிடையாது என்றார். சட்டமே வந்துவிட்டது, போர்டுகூட எழுதி மாட்டியிருக்கிறோம் என்று சுவரைக் காட்டினார். பெயிண்ட் இன்னும் காயவில்லை.

ராகிங் இல்லைதான். அதற்குப் பெயர் 'மேஜை'.

மெஸ்ஸில் ஐந்து மேஜைகள். ஒவ்வொரு ஆடி மாதமும் சீனியர்கள் முதல் வருஷப் பெண்களை அலசி ஆராய்ந்து தங்கள் மேஜைக்குப் பொறுக்குவார்கள். மூன்று ரவுண்டு. முதல் ரவுண்டு டீ. பேர் என்ன, ஊர் என்ன, அப்பா என்ன செய்கிறார், இங்கிலீஷ் வருமா. இரண்டாவது ரவுண்டு ஆட்டம் பாட்டம். மூன்றாவது சீட்டு. மடித்த தாளில் எழுதியிருப்பதைச் செய்துவிட்டு வர வேண்டும். ஏன் என்று கேட்டால் அவுட்!

கடைசி ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் யார் பேருக்கு இலை போடுகிறார்களோ அவள் மேஜைக்காரி. மூன்று வருஷத்துக்குப் பழைய நோட்ஸ், ரெக்கார்டு நோட்டு, காலைக் குளியலறை வரிசையில் இடம் எல்லாம் உண்டு. இலை விழாதவளுக்குக் கை கழுவும் குழாய்க்குப் பக்கத்து பெஞ்ச். அங்கே உட்கார்ந்தால் சாம்பாரில் சோப்பு வாசனை வரும்.

ஐந்திலும் உசத்தி, ஜன்னலோர முதல் மேஜை. இந்த வருஷம் அதில் ஒரே ஓர் இலைதான் பாக்கி. ஆனால் மிச்சமிருந்தவர்கள் இரண்டு பேர்.

டீனா. பாவாத்தாள்.

* * *

வார்டன் அறையில் பாவாத்தாள் நின்றுகொண்டிருந்தாள். அந்தியூர்க்காரி. அப்பா சந்தையில் மாட்டு வியாபாரம். அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். மனசு கேட்காமல், முதல் மேஜையில் எனக்கு இடம் கிடைத்துவிட்டது என்று நான்கு நாள் முன்பே வீட்டுக்கு இன்லண்ட் லெட்டர் எழுதிப் போட்டிருந்தாள்.

"டீனாவை நீதான் தள்ளினியாம்மா?"

"ஆமாங்க சார்."

சென்னகேசவன் பேனா மூடியைக்கூட இன்னும் திறக்கவில்லை. மெட்ராஸில் இந்தப் பதிலுக்கு மூன்று நாள் ஆகும்.

"எதுக்குத் தள்ளினே?"

"சீட்டுல எழுதியிருந்துச்சுங்க."

நீட்டினாள். பச்சை மை. அழகான கையெழுத்து. ஒரே வரி.

'டீனாவைத் தள்ளிப்போடவும்.'

"எழுதியிருந்தா தள்ளிடுவியா?"

"புதன்கெழம ஒருத்தியத் தொட்டிக்குள்ள தள்ளிவுட்டாங்க சார். வெள்ளிக்கெழம இன்னொருத்திய. நெஞ்சளவு தண்ணி. நனஞ்சு வந்து சிரிச்சாங்க. இன்னைக்கும் தண்ணி இருக்குமுன்னு நெனச்சனுங்க. நான் உள்ள பாக்கவே இல்லீங்க." வாசல் பக்கம் பார்த்தாள். "அவ பொழச்சுக்குவாளாங்க?"

இந்தக் கடைசிக் கேள்வியை அவள் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கேட்டுக்கொண்டிருந்தாள்.

டீனாவின் மூடிய கையிலிருந்து எடுத்த இன்னொரு சீட்டும் மேஜைமேல் இருந்தது. அதே பச்சை மை. ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு அறையிலிருந்தே கண்ணைக் கட்டிக்கொண்டு, சுவரைத் தடவியபடி போய், துவைக்கும் மேடை ஓரத்தில் நின்று நூறு வரை எண்ண வேண்டும் என்று எழுதியிருந்தது.

டீனாவுக்கும் வேறு யாருக்கும் ஏதாவது சண்டையா என்று பங்காரு கேட்டாள். சண்டை எதுவும் இல்லை என்றாள் பாவாத்தாள். டீனா சத்தியமங்கலம் வாத்தியார் ஞானாபரணத்தின் பெண், யாரிடமும் முகம் சுளிக்க மாட்டாள். இரண்டாவது ரவுண்டில் மட்டும் மேஜைத் தலைவியைப் பார்த்து, உங்களை எங்கள் ஊரில் பார்த்த மாதிரி இருக்கிறது என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தாளாம்.

"தலைவி என்ன சொன்னா?"

"அந்த அக்கா மெட்ராஸுங்க. அந்த ஊர்ப்பக்கமே போனதில்லைன்னு சொன்னாங்க."

* * *

மெட்ராஸ் ஹர்ஷிணி!

கல்லூரியில் அவளை அப்படித்தான் சொல்வார்கள். மூன்றாம் வருஷம். முதல் மேஜைத் தலைவி. மெஸ் செக்ரட்டரி. ஊருக்குப் போவதென்றால் ரயில் ஏறி அண்ணா நகர் மாமா வீட்டுக்குப் போவாள். யாராவது 'வாங்க்கா' என்றால், 'இந்த ஊர் பாஷை எனக்குச் சுத்தமா புரியாதுப்பா' என்று சிரிப்பாள். முதல் ரவுண்டில் பாவாத்தாள் பேரைச் சொன்னபோது, அது பேரா, பஸ் ஸ்டாப்பா என்று கேட்டவளும் அவள்தான். என் மேஜைக்கு வந்தால் நீ 'பவி' என்று பட்டம் சூட்டியவளும் அவள்தான். பாவாத்தாள் அதற்கும் தலையாட்டியிருந்தாள். இலை என்றால் சும்மாவா?

ஹர்ஷிணி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது. குரல் மட்டும் பிசிறில்லாமல் வந்தது.

"ரெண்டு சீட்டும் நான் எழுதினதுதான் சார். டீனாவுக்குக் குடுத்தது விளையாட்டு. தப்புதான், ஒத்துக்கறேன். ஆனா இது பாவாத்தாளுக்கு எழுதினதே இல்ல. சமையல் அக்காவுக்கு."

"சமையல்காரிக்கு எதுக்கு டீனாவைத் தள்ளணும்?"

"தள்ளறது இல்ல சார். தள்ளிப்போடறது. டீனாவோட செலக்‌ஷனை அடுத்த டெர்முக்குத் தள்ளிப்போடுங்க, இன்னைக்கு அவளுக்கு இலை போடாதீங்கன்னு அர்த்தம். கிச்சன்ல குடுத்துடுன்னு இவ கையில குடுத்தேன். இவ இப்படிப் பண்ணுவான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பாவாத்தாள் நிமிர்ந்தாள். "இது உனக்குத்தான்னு சொன்னீங்கள்ளங்க அக்கா."

"நான் அப்படிச் சொல்லவே இல்லையே." ஹர்ஷிணி பரிதாபமாகப் பார்த்தாள். "டீனா தள்ளிப் போனா இலை யாருக்கு? உனக்குத்தானே பவி? நீ ஏற்கெனவே ஜெயிச்சாச்சு."

பாவாத்தாள் மேஜைமேல் இருந்த சீட்டை மறுபடியும் படித்தாள். அந்த இலைக்காகத்தான் அவள் பேரை விட்டாள், ஏன் என்று கேட்காமல் இருந்தாள். கிடைத்துவிட்ட இலைக்காகவா ஒருத்தியைக் குழியில் தள்ளினோம் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

* * *

சென்னகேசவன் பங்காருவை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"உங்க ஊர்ல 'தள்ளிப்போடு'ன்னா என்ன அர்த்தம்?"

"தள்ளிவுடறதுங்க சார்."

"ஒத்திவைக்கிறது இல்லையா?"

"அதுவுந்தானுங்க. தேதியத் தள்ளிப்போட்டா ஒத்திவெக்கறது. ஆளத் தள்ளிப்போட்டா தள்ளிவுடறது."

"எல்லாத்துலயும் ஒரு 'போட்டு' சேர்த்துக்குவீங்களா?"

"இல்லீங்களே சார். யாரு சொல்லிப்போட்டா?"

சென்னகேசவன் பெருமூச்சு விட்டார். மெட்ராஸில் ஆளைத் தள்ளினால் 'தள்ளிட்டேன்' என்பார்கள். அங்கே தள்ளிப்போடுவது கல்யாணம், பரீட்சை, வாய்தா. ஆக, விஷயம் இவ்வளவுதான். மெட்ராஸ்காரி மெட்ராஸ் தமிழில் எழுதினாள். அந்தியூர்க்காரி அந்தியூர்த் தமிழில் படித்தாள். நடுவில் ஒருத்தி தொட்டிக்குள் விழுந்தாள்.

கேஸ் இரண்டு மணி நேரத்தில் முடிந்தது என்று அவருக்கு உள்ளூரப் பெருமைதான். ஹர்ஷிணிக்கு விளையாட்டுச் சீட்டு எழுதியதற்கு ஒரு எச்சரிக்கை. தள்ளிய கை பாவாத்தாளுடையது. அவள் ஸ்டேஷனுக்கு வர வேண்டும்.

பாவாத்தாள் மறுபேச்சுப் பேசவில்லை. மாடிக்குப் போய் ஒரு பையோடு வந்தாள். சோப்பு, சீப்பு, மாற்றுத் துணி. ஜெயிலுக்குப் புத்தகம் கொண்டுபோக விடுவார்களா, செமஸ்டர் வருகிறது என்று பங்காருவிடம் மெதுவாகக் கேட்டாள். பங்காரு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சார்," என்றாள் பிறகு. "கெளம்பறதுக்கு முன்னாடி அந்தச் சமையல்காரம்மாள ஒரு வார்த்த கேட்டுப்போட்டு வந்தறலாமுங்க."

* * *

சமையலறைச் சுவரில் ஒரு கம்பி தொங்கியது. கம்பியில் கழுத்து வரைக்கும் சீட்டுகள் குத்தியிருந்தன. மெஸ் செக்ரட்டரி எழுதியனுப்பும் எந்தச் சீட்டையும் முத்தாத்தாள் தூக்கி எறிந்ததில்லை. நாளைக்கு யாராவது 'நான் சொல்லவே இல்லையே' என்று சொன்னால் என்ன செய்வது என்ற பயம். இதுவரை யாரும் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லிவிட்டார்கள்.

பங்காரு மேலிருந்து உருவினாள். பச்சை மைச் சீட்டுகளை மட்டும் தனியாக வைத்தாள்.

ஹர்ஷிணி மெஸ் செக்ரட்டரியான பிறகு அடுத்த டெர்முக்குப் போனவர்கள் ஒன்பது பேர். ஒன்பது சீட்டு.

'அக்ஷிதாவை ஒத்திவைக்கவும்.'

அடுத்ததும் 'ஒத்திவைக்கவும்.' அதற்கடுத்ததும். ஒன்பதிலும் அதே வார்த்தை! ஒன்றில்கூட 'தள்ளிப்போடவும்' இல்லை.

சென்னகேசவன் முத்தாத்தாள் கொடுத்திருந்த பாயச டம்ளரைக் கீழே வைத்தார்.

"இன்னைக்கு வந்த சீட்டு எதும்மா?"

முத்தாத்தாள் உருவி வைத்த குவியலிலிருந்து இரண்டை எடுத்துக் கொடுத்தாள். ஒன்று நேற்று மாலை வந்தது. ஞாயிறு காலை பத்து மணிக்குள் தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கழுவவும். மாதம் பிறந்தால்தானே தொட்டி கழுவுவது, இப்போது எதற்கு என்று அவள் கேட்டாளாம். சுத்தம் முக்கியம் என்று பதில் வந்ததாம்.

இன்னொன்று இன்று காலை ஒன்பது மணிக்கு வந்த இலைச் சீட்டு.

'முதல் மேஜை: புது இலை வேண்டாம்.'

சென்னகேசவன் அதை இரண்டு தடவை படித்தார்.

டீனாவுக்கும் இலை இல்லை. பாவாத்தாளுக்கும் இல்லை! காலையிலேயே அந்த இரண்டு பேரும் மேஜைக்கு வரப்போவதில்லை என்று ஒருத்திக்குத் தெரிந்திருக்கிறது. ஒருத்தி ஆஸ்பத்திரிக்கு. இன்னொருத்தி ஸ்டேஷனுக்கு.

"பங்காரு."

"சார்?"

"அந்தப் பொண்ணோட பையை வாங்கி வை."

* * *

ஹர்ஷிணி அசையவில்லை.

சீட்டுகளை வரிசையாக வைத்ததும் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். தொட்டி அழுக்காக இருந்தது, கழுவச் சொன்னாள். இலை விஷயத்தில் மனசு மாறியது, பாவாத்தாளுக்குக் கொடுக்கலாம் என்று அப்புறம் முடிவு செய்தாள். வார்த்தை மாறியதற்கு என்ன, எப்போதும் ஒரே வார்த்தையா எழுத முடியும்?

"இந்த ஊர்ல அதுக்கு வேற அர்த்தம் இருக்குன்னு இன்னைக்கு மத்தியானந்தான் எனக்கே தெரியும் சார். நான் மெட்ராஸ். நீங்களும் மெட்ராஸ். உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

சென்னகேசவனுக்கும் தெரியாது. அவளுக்குத் தெரியும் என்று நிரூபிக்காதவரை அந்தச் சீட்டு வெறும் சீட்டுதான். கோர்ட்டில் எந்த வக்கீலும் அகராதியைக் காட்டி ஐந்து நிமிஷத்தில் ஊதித் தள்ளிவிடுவான். அவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

மணி நான்கு.

வாசலில் ஒரு ஜீப் நின்றது. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, செருப்பில் செம்மண். ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, எல்லாருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டார்.

"ஏனுங்க சார், நான் தம்பிதுரைங்க. சத்தியமங்கலத்துக்கு அந்தாண்ட மஞ்சள் வெவசாயமுங்க. மெட்ராஸுல இருந்து மச்சான் போன் பண்ணுனாருங்க. போலீஸு வந்திருக்குது, ஓடுன்னு."

ஹர்ஷிணியின் பாதுகாவலர் என்று ஃபைலில் இருந்த அண்ணா நகர் நம்பருக்கு வார்டன் மதியமே போன் போட்டிருந்தார். அந்த மாமா, மெட்ராஸிலிருந்து தான் வந்து சேர விடிந்துவிடும் என்று பக்கத்தில் இருந்தவருக்குத் தகவல் சொல்லிவிட்டார். அதில் யாரையும் குறை சொல்ல முடியாது.

"உங்க பொண்ணு பேர் என்ன?" என்றார் சென்னகேசவன்.

"பழனியாத்தாங்க. காலேஜுல சேர்றப்ப என்னமோ பேர மாத்தி எழுதிக்கிச்சுங்க. எனக்கு அது வாய்ல வராதுங்க." அவர் பார்வை நாற்காலிக்கு வந்து நின்றது.

ஹர்ஷிணி எழுந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"சார், யார் இவர்? எனக்கு இவரைத் தெரியாது."

தம்பிதுரை கோபப்படவில்லை. தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். மூன்று வருஷமாக மகள், காலேஜ் பக்கம் வராதீங்க என்று சொன்னபோதெல்லாம் சரி என்றவர். இப்போது ஓர் அடி முன்னால் வந்தார்.

"என்னத்த செஞ்சுபோட்ட, கண்ணு?"

ஒரு விநாடி... இரண்டு... மூன்று...

"நான் ஒண்ணும் செய்யலீங்கப்பா."

சொன்னபிறகுதான் அவளுக்கே கேட்டது.

கொங்கு நாட்டில் ஒரு பெண் பேரை மாற்றிக்கொள்ளலாம். ஊரை மாற்றிக்கொள்ளலாம். மூன்று வருஷம் மெட்ராஸ் தமிழ் பேசலாம். பெற்ற அப்பாவுக்கு எதிரில் நின்று அந்த 'ங்க'வை மட்டும் எடுக்க முடியாது. நாக்கு ஒத்துக்கொள்ளாது.

சென்னகேசவன் நோட்டைத் திறந்தார். "எழுதிக்க பங்காரு. ஒரு எழுத்து விடாம."

"எழுதிப்போட்டேனுங்க சார்."

* * *

அதற்கப்புறம் எல்லாம் வந்தது. டீனாவின் அப்பா ஞானாபரணம் வாத்தியாரிடம் ஹர்ஷிணி ஐந்து வருஷம் படித்திருந்தாள். டீனா இன்னும் இரண்டு நாள் யோசித்திருந்தால், பழனியாத்தாள் அக்கா என்று எல்லார் முன்னாலும் கூப்பிட்டிருப்பாள். பேரைக் கேட்டுச் சிரித்தே தலைவியானவளுக்கு அந்த ஒரு பேரைத் தாங்க முடியாது. கொல்ல நினைக்கவில்லை, கால் உடைந்தால் ஊருக்குப் போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன் என்று அழுதாள். கோர்ட்டில் ஒரு அர்த்தம், அந்தியூர்க்காரிக்கு இன்னொரு அர்த்தம். அப்படி ஒரு வார்த்தையைத் தேட அவளுக்கு ஒரு ராத்திரி பிடித்ததாம். தம்பிதுரை துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார்.

ட்ரிங்... ட்ரிங்...

வார்டன் கிருபாவதி போனை எடுத்தார். கேட்டார். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆஸ்பத்திரியில இருந்து. டீனா கண்ணு முழிச்சுட்டாளாம்."

"ஏதாவது சொன்னாளா?" என்றார் சென்னகேசவன்.

"'அறுபத்தி நாலு'ன்னாளாம்."

யாருக்கும் புரியவில்லை. பாவாத்தாளுக்குப் புரிந்தது. டீனா அறுபத்து மூன்று வரைக்கும் எண்ணியிருந்தபோதுதான் அவள் பின்னாலிருந்து தள்ளினாள். பாவாத்தாள் தரையில் உட்கார்ந்து, மத்தியானத்திலிருந்து தேக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து அழுதாள். பங்காரு அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

நீ இந்தக் கேஸில் சாட்சி, சோப்பு சீப்பையெல்லாம் மாடியில் கொண்டுபோய் வை என்றார் சென்னகேசவன். அவள் மாடிக்குப் போகவில்லை. முத்தாத்தாள் தூக்குப்போசியில் ஊற்றித் தந்த பாயசத்தோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். கேட்டில் காவலாளி பேரைக் கேட்டு நோட்டில் எழுதினான். முழுப் பேரையும் சொன்னாள்.

ஹர்ஷிணியை போலீஸ் ஜீப் வரைக்கும் கூட்டிக்கொண்டு போனார்கள். படியில் கால் வைத்தவள் திரும்பினாள். குரலில் மறுபடியும் மெட்ராஸ் வந்திருந்தது.

"சார், ப்ளீஸ். எக்ஸாம் முடியற வரைக்கும் அரெஸ்ட்டைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்க சார்."

சென்னகேசவன் பங்காருவைப் பார்த்தார்.

பங்காரு ஜீப் கதவை மரியாதையாகத் திறந்துவிட்டாள்.

"எந்த ஊர்த் தமிழுல கேக்கறீங்க, அம்மணி?"